வீட்டு மின்துறை மந்திரி

இன்வெர்ட்டர் மறுபடியும் கத்த ஆரம்பித்தது.

"ஏங்க, முதல்ல அதோட வாயை மூடுங்க! லேப்டாப்ல இன்டர்வியூ ஆரம்பிக்கப் போகுது," என்று அறைக்குள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

கல்யாணத்தோடு விட்டுப்போன வேலை. திரும்பப் பிடிப்பதற்காக மாய்ந்து மாய்ந்து படித்திருக்கிறாள். இன்றைக்குப் பார்த்தா கரண்ட் போக வேண்டும்? போகட்டும், அதற்குத்தானே போன மாதம் இன்வெர்ட்டர் வாங்கி மாட்டியது! மாட்டிய அன்றே அவனுக்கு 'மின்துறை மந்திரி' என்று அவள் பட்டமும் கொடுத்துவிட்டாள். இப்போது மந்திரி ஓடிவந்து இன்வெர்ட்டர் முன்னால் நின்றான். இந்த வேலை கைநழுவிப் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பான்?

"லோடு அதிகம்," என்று தீர்ப்புச் சொல்லி ஹால் ஃபேனை அணைத்தான். சத்தம் நின்றது.

"டேய், புழுங்குதுடா!" என்றார் அப்பா.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கப்பா. உங்க மருமகளுக்காக."

"அவளுக்காகன்னா சரி. உனக்காகன்னா முடியாது," என்று பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார்.

கொஞ்ச நேரம்தான். மறுபடி பீப், பீப். ஃபிரிட்ஜைப் பிடுங்கினான். நின்றது. ஃபிரிட்ஜ்தான் திருடன் என்று அவன் மார்தட்டுவதற்குள் திரும்பவும் கத்தல். சமையலறை விளக்கு, வாசல் விளக்கு, குளியலறை விளக்கு எல்லாம் போயின. ஒவ்வொன்றுக்கும் அந்தச் சனியன் சற்றே அடங்கும், பிறகு சாவகாசமாக ஆரம்பிக்கும்.

கடைசியில் மனைவியின் அறை விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சோடு அவள் முன்னால் மண்டியிட்டான்.

"பேய் மாதிரி தெரியறேங்க!" என்று பல்லைக் கடித்தபடியே திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

பீப், பீப்! இருட்டில் ஓடித் தடவி எதையோ அணைத்தான். அது மோடம்.

"ஐயோ, படம் அப்படியே நின்னு போச்சு!"

பதறிப்போய் மறுபடி போட்டான். அதோடு இன்வெர்ட்டரும் நீளமாக ஒருமுறை முனகிவிட்டு மண்டையைப் போட்டது.

"போச்சு! எல்லாத்தையும் கெடுத்துட்டேன்." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? லேப்டாப்ல சார்ஜ் இருக்கு. நெட்டுக்கு என் போன் இருக்கு. நீங்க டார்ச்சை ஆட்டாம பிடிங்க, போதும்."

பிடித்தான். மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு பிடித்தான்.

இன்டர்வியூ எடுக்கும் மேலாளர் திரையில் திரும்ப வந்து கேட்டார்: "நெருக்கடியான நேரத்துல எப்படி வேலை பார்ப்பீங்க?"

அவள் லேப்டாப்பைத் திருப்பினாள். டார்ச்சும் வியர்வையுமாகக் கணவன். கதவோரம் பேப்பரால் விசிறியபடி மாமனார்.

"இப்படித்தான் சார்."

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "திங்கட்கிழமையே வந்து சேர்ந்துடுங்கம்மா."

அப்பா கைதட்டினார். அவன் அசடு வழிந்தபடி, "அப்போ என் மந்திரி பதவி?" என்றான்.

"பிழைச்சுப் போங்க, நீடிக்கும்," என்று அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். மாடியில் குடியிருக்கும் அம்மாள், பாதி தேய்த்த சட்டையும் கையுமாக நின்றிருந்தாள்.

"என்ன தம்பி இது, இஸ்திரி பாதியில நிக்குது? நீங்க இன்வெர்ட்டர் மாட்டின நாள்லேருந்து எங்க மாடியில ஒரு தடவைகூட கரண்ட் போனதில்லையே!"