ஜன்னல் காவலரும் நீலக் காரும்

உலகத்தில் எத்தனையோ வகைக் காவலர்கள் உண்டு. சீருடை போட்டவர், போடாதவர், சம்பளம் வாங்குபவர், சம்பளத்துக்கு மேலும் வாங்குபவர். இவர்கள் எல்லோரையும்விடக் கடமை தவறாதவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சீருடை இல்லை; வீட்டில் போடும் கம்பளிச் செருப்புதான். கையில் லத்தி இல்லை, காப்பிக் கோப்பை. யாரும் அவரை நியமிக்கவில்லை, ஆகவே யாரும் வேலையிலிருந்து நீக்கவும் முடியாது. திரைச்சீலையை இரண்டு விரலால் விலக்கித் தெருவைப் பார்த்து, "இது யாருடைய வண்டி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாரே, அவர்தான். ஜன்னல் காவலர் என்று வைத்துக்கொள்வோம்.

தெரியாதென்று சொல்லாதீர்கள். உங்கள் தெருவிலும் இருக்கிறார்.

இந்த இனத்தில் சொக்கத்தங்கமாக ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வெஸ்டர்ஹோம் என்ற ஊருக்குத்தான் போக வேண்டும். இரண்டாயிரத்து முந்நூறு பேர், ஓர் ஏரி, இரண்டு தேவாலயம், ஒரு கோதுமைக் கிடங்கு. அதில் வெர்லின் அமுண்ட்ரூட். வயது எழுபத்திரண்டு. நாற்பது வருடம் விவசாயிகளுக்குச் சோள விதை விற்று ஓய்வு பெற்றவர், நகரசபை உறுப்பினர், அச்சபையின் பாதுகாப்புக் குழுத் தலைவர். குழுவில் மொத்தம் மூன்று பேர். ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் குளிர்காலம் முழுக்க வெயில் தேடி அரிசோனாவில். ஆக, குழு என்றால் வெர்லின்தான்.

அவருடைய வாழ்நாள் சாதனை ஓர் ஒப்பந்தம். ஊருக்கென்று முன்பு சொந்தமாக ஒரு போலீஸ்காரர் இருந்தார். காலையில் பாதி நேரம் காப்பிக் கடையில் தூங்குவார். மச்சினன் வண்டி எங்கே நின்றாலும் அபராதச் சீட்டு எழுத மாட்டார். மூன்று வருடத்துக்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாவட்ட ஷெரீஃப் அலுவலகத்தோடு வெர்லின் ஒப்பந்தம் போட்டார். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் ஷெரீஃபின் ஆள் ஒருவர், டெபுடி என்பார்கள், ஊருக்குள் ரோந்து வர வேண்டும். மாதத்துக்கு ஒரு புது முகம் வந்தது. எந்த முகத்துக்கும் ஊரில் யாரையும் தெரியாது. அதனால் என்ன? நாற்பது மணி நேரம் என்று எழுதி முத்திரை குத்தியாயிற்று.

ஊரார் டெபுடியைப் பார்த்ததைவிட நம்பியதுதான் அதிகம். அந்த வண்டி எங்கோ ஒரு தெருவில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பே போதும். சாமி வீதி உலா வந்தால் ஊருக்குக் கெடுதல் வராது என்று இருப்பதில்லையா, அந்த மாதிரி. அப்படியும் மூன்று சைக்கிள் காணாமல் போயின. "நாற்பது மணி நேரம் போதவில்லை" என்றார் வெர்லின். காய்ச்சல் இறங்காவிட்டால் பூசையில் குறை என்பவர்கள் எல்லா ஊரிலும், எல்லா மதத்திலும் இருக்கிறார்கள்.

அப்படியிருக்க, செப்டம்பரில் ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சென்ற ஆண்டு உங்கள் ஊரிலிருந்து வந்த அழைப்புகள் நூற்றுப் பன்னிரண்டுதான். ஊர் அமைதியாக இருப்பதில் மகிழ்ச்சி. ஒப்பந்தத்தின்படி, அழைப்புகள் முந்நூறாகாவிட்டால் அடுத்த ஒப்பந்த ஆண்டிலிருந்து நாற்பது மணி நேரம் இருபதாகும்.

ஊர் அமைதியாக இருக்கிறது என்று படித்ததும் இடிந்துபோய் உட்கார்ந்த மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வெர்லின் அன்று சாப்பிடவில்லை.

மறுவாரம் ஊர்க் கூட்டம் போட்டு, எதைப் பார்த்தாலும் போன் செய்யுங்கள் என்று கெஞ்சினார். இங்கேதான் ஒரு சிக்கல். வெஸ்டர்ஹோம்காரர்கள் அடுத்தவர் மீது புகார் சொல்ல மாட்டார்கள். செத்தாலும் மாட்டார்கள். உணவகத்தில் சூப்பில் ஈ கிடந்தால் ஈயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குடிப்பவர்கள். ஊர்ப்பற்று மேலிட்டு ஓர் அம்மாள் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறதென்று போன் செய்தார். அடுத்த பத்து நிமிடத்தில் குற்ற உணர்ச்சி தாங்காமல் கேக் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு அந்த நாய் வீட்டுக்கே போய் அழுதார். இப்படியே போனால் முந்நூறு அழைப்பு எப்படிச் சேரும்?

யார் மீது புகார் சொன்னால் அது அடுத்தவர் மீது சொன்ன புகார் ஆகாது? யாரைக் காட்டிக் கொடுத்தால் மறுநாள் தேவாலயத்தில் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது? இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பதிலை மட்டும் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தப் பதில் ஒரு நீலக் காரில் வந்தது.

ஹோடன் யூசுஃப் முப்பது மைல் தள்ளியுள்ள பெரிய ஊரில் குடியிருப்பவள். பிறந்தது சோமாலியாவில். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் செவிலி உதவியாளர். வெஸ்டர்ஹோமில் மட்டும் நான்கு வீடு. அவளுடைய நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்குத்தான் வருகையைப் பதிய வேண்டும். முன்னால் பதிந்தால் கேள்வி, பின்னால் பதிந்தால் அபராதம். பனிச்சாலையை நம்ப முடியாது. ஆகவே சீக்கிரமே வந்து காரிலேயே உட்கார்ந்து, முந்தைய வீட்டுக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருப்பாள். பத்து நிமிடம். சில நாள் பதினைந்து.

ஒரு பெண், தலையில் முக்காடு, நிற்கும் காரில், எதையோ எழுதுகிறாள். ஜன்னல் காவலருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் அந்த நீலக் காரைப் பற்றி மட்டும் எழுபத்தொரு அழைப்பு. ஒவ்வொரு அழைப்புக்கும் டெபுடி வந்தார். ஒவ்வொரு முறையும் அதே மூன்று கேள்வி: பெயர் என்ன, இங்கே என்ன வேலை, அடையாள அட்டை இருக்கிறதா. எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். மைனஸ் இருபதில் அவளை வெளியே நிறுத்திக் கால் மணி நேரம் வயர்லெஸ்ஸில் விசாரித்த டெபுடிகூட "சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்றுதான் சொன்னார். அநியாயம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தால் திருப்பித் திட்டலாம். தயவுசெய்து, நன்றி என்று வந்தால் எங்கே பிடித்து உலுக்குவது?

எழுபத்தொன்றில் முப்பத்திரண்டு வெர்லினுடையவை. இதில் வேடிக்கை என்னவென்று கேளுங்கள். ஹோடன் காத்திருந்தது வெர்லின் வீட்டுக்குள் போகத்தான். இடுப்பெலும்பு முறிந்து நடைச்சட்டம் பிடித்து நடக்கும் அவர் மனைவி ஆர்லிஸைக் கவனிக்க வருபவளே அவள்தான். எட்டு ஐம்பத்தொன்றுக்கு மனிதர் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து போன் செய்வார்.

"மேடம், எங்க வீட்டு எதிர்ல ஒரு நீலக் கார். பதினோரு நிமிஷமா நிக்குது. உள்ள ஒரு பொம்பள எதையோ எழுதிட்டிருக்கா."

"என்ன எழுதுறாங்க சார்?"

"அது தெரியாததுனாலதானே போன் பண்றேன்."

ஒன்பது மணிக்கு அதே மனிதர் கதவைத் திறப்பார். "வாங்க ஹோடன், என்ன குளிரு. காப்பி போட்டு வச்சிருக்கேன், முதல்ல குடிங்க." நடிப்பென்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இரண்டும் உண்மை. போன் செய்தவர் பாதுகாப்புக் குழுத் தலைவர். காப்பி போட்டவர் வெர்லின். இருவருக்கும் பழக்கமே கிடையாது.

ஏன் என்னைப் பற்றிப் போன் செய்கிறீர்கள் என்று ஒருமுறை அவளே கேட்டுவிட்டாள். "உங்க மேல எனக்கு என்னங்க? எல்லாம் அந்த மணி நேரத்துக்காக. ஊருக்கு நீங்க பண்ற உதவின்னு நெனச்சுக்குங்க" என்றார் அவர். பிறகு ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்ட கேக்கில் பெரிய துண்டாக வெட்டி வைத்தார்.

ஜனவரி மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை, ஹோடன் கேக்கைத் தொடவில்லை. நிறுவனத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டு வந்திருந்தாள். நான்கு மாதத்தில் எழுபத்தொரு முறை போலீஸ் விசாரித்த ஊழியரை இனி முதியவர்கள் வீட்டுக்கு அனுப்ப முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் தக்க விளக்கம் தேவை. வேலை போனால் நிறுவனம் படிக்க வைக்கும் செவிலிப் படிப்பும் நின்றுவிடும். இன்னும் ஒரு தேர்வுதான் பாக்கி.

"மூணு வரி எழுதிக் குடுங்க மிஸ்டர் வெர்லின். காருல இருந்தது யாருன்னு எனக்குத் தெரியும், எங்க வீட்டு நர்ஸ்தான், அந்தப் புகாருக்கெல்லாம் ஆதாரம் இல்ல. அவ்வளவுதான்."

வெர்லின் தலையைச் சொறிந்தார். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். அழைத்தவரே ஆதாரமில்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்த அழைப்பு எண்ணிக்கையிலிருந்து நீங்கிவிடும். முப்பத்திரண்டும் போகும். மூன்று வரியில் இருபது மணி நேரம் பறிபோகும்.

"எழுதித் தரேன். நல்லாவே எழுதித் தரேன்" என்றார்.

நல்லாவேதான் எழுதினார். நகரசபைத் தாளில் இரண்டு பக்கம். ஹோடன் யூசுஃப் இனிமையானவர், நேரம் தவறாதவர், மனைவியின் காலைப் பூப்போலப் பிடித்துவிடுபவர், இந்த நாட்டுக்கே ஓர் அணிகலன். கடைசியில் ஒரு பத்தி: "அழைப்புகளின் தன்மை குறித்துப் பொறுப்பிலுள்ள நான் கருத்துச் சொல்வது முறையாகாது. விழிப்புணர்வு ஒருபோதும் வீண்போவதில்லை."

வியாழக்கிழமை மாலை ஆர்லிஸ் அதை வாங்கிப் படித்தார். அவர் முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். சான்று இல்லாமல் விடை எழுதிய பையன்களுக்குச் சுழியம் போட்டே பழகிய கை.

"வெர்லின், இதப் படிக்கிறவன் என்ன நெனப்பான் தெரியுமா? பொண்ணு நல்லவதான், ஆனா என்னமோ பண்ணிட்டான்னு நெனப்பான்."

"நான் ஒரு வார்த்தை தப்பா எழுதலையே."

"சரியான வார்த்தை ஒண்ணையும் எழுதலையே. அவள உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். ஆனா ஆர்லிஸ், ஊரோட பாதுகாப்புன்னு ஒண்ணு—"

"எதுலேர்ந்து பாதுகாப்பு?"

அவர் யோசித்தார். சைக்கிள் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு நாற்பது. நீலக் கார் வந்து நின்றது. திரைச்சீலை விலகியது. வெர்லின் போன் செய்து முடித்துவிட்டு, டெபுடி வரும்வரை தெருவைப் பார்த்தபடியே நின்றார். பின்னால் நாற்காலியில் இருந்த ஆர்லிஸ் தன் போனை எடுத்தார்.

"வணக்கம்மா. எங்க வீட்டு ஜன்னலண்ட ஒரு ஆளு நிக்கிறாரு. நடத்தை சரியில்ல. வயசு எழுபத்திரண்டு, பச்சைக் கம்பளிச் செருப்பு. தெனமும் காலைல காருல உக்காந்திருக்கிற ஒரு பொண்ண மறைஞ்சு நின்னு பாக்குறாரு. அவ யாருன்னு தெரிஞ்சே போலீஸுக்குச் சொல்றாரு. இதோட முப்பத்து மூணு தடவை." சற்று நிறுத்தி, எதிர்முனை கேட்டதற்குப் பதில் சொன்னார். "இல்லம்மா, வெளில இல்ல. உள்ளதான். நாப்பத்தாறு வருஷமா உள்ளதான் இருக்காரு."

வெர்லின் திரும்பிப் பார்த்தார். எதைப் பார்த்தாலும் போன் செய்யுங்கள் என்றவர் அவர்தானே.

வந்த டெபுடி அந்த மாதத்தின் புது முகம், ஸ்கார் என்ற இளம்பெண். ஒரே விலாசத்திலிருந்து இரண்டு அழைப்பு. காரைத் தாண்டி நேரே கதவுக்கு வந்து, அங்கே நின்றவரிடம் தனக்குக் கற்றுக்கொடுத்தபடி கேட்டாள். பெயர் என்ன? இங்கே என்ன வேலை?

"இது என் வீடும்மா."

"சரிங்க சார். அடையாள அட்டை இருக்கா?"

அட்டை அவருடைய வண்டியில் இருந்தது. வண்டி கொட்டகையில். அவள் வயர்லெஸ்ஸில் சரிபார்க்கும்வரை வெர்லின் வாசற்படியில், மைனஸ் பதினெட்டில், பச்சைச் செருப்போடு நின்றார். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் திரைச்சீலைகள் இரண்டு விரல் அகலம் விலகின. ஆறு நிமிடம்தான். "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்" என்றாள் ஸ்கார், மிகுந்த மரியாதையோடு.

மணி ஒன்பதானது. ஹோடன் காரைப் பூட்டிவிட்டுப் படியேறி வந்தாள். அவரைக் கடக்கும்போது "வணக்கம்" என்றாள். பழி வாங்க அவளுக்கு நேரமில்லை. வருகையைப் பதிய வேண்டும். "ஆர்லிஸ் அத்தை, கால் எப்படியிருக்கு?" என்று கேட்டபடி உள்ளே போய்விட்டாள். மூத்த பெண்களை அவள் மொழியில் அப்படித்தான் அழைப்பார்கள்.

ஸ்கார் குறிப்பேட்டைத் திறந்தாள். "இப்ப உள்ள போனாங்களே, அவங்கள உங்களுக்குத் தெரியுமா சார்?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வெர்லின் வளைத்துப் பேசுவார், சுற்றி வளைத்து இரண்டு பக்கம் எழுதுவார். ஆனால் நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னவர் இல்லை. சிக்கலே இவ்வளவு நாள் யாரும் நேராகக் கேட்காததுதான்.

"தெரியும்."

"முப்பத்திரண்டு தடவையும் தெரியுமா?"

"முப்பத்து மூணு. இன்னைக்கும் சேத்து."

ஸ்கார் எழுதிக்கொண்டாள். முப்பத்து மூன்றும் ஆதாரமற்றவை, அழைத்தவர் ஒப்புக்கொண்டார், எச்சரிக்கை வழங்கப்பட்டது. ஆர்லிஸ் கொடுத்த புகாருக்கு நேரே வேறொரு சொல்: ஆதாரமுள்ளது. நான்கு மாதத்தில் அந்தத் தெருவிலிருந்து போன புகார்களில் அந்தச் சொல்லைப் பெற்றது அது ஒன்றுதான்.

அந்தத் தாளின் நகல் மதியத்துக்குள் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை நீலக் கார் வழக்கம்போல் வந்து நின்றது. மற்ற முப்பத்தொன்பது அழைப்புகளைச் செய்தவர்களும் வெட்கம் தாங்காமல் ஒவ்வொருவராகப் புகாரைத் திரும்பப் பெற்றார்கள், ஆளுக்கொரு கேக்கோடு. ஹோடன் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு மாதம் அதைத் தின்றிருக்கலாம். தின்னவில்லை; அந்தக் கேக்கையெல்லாம் வாங்கி டெபுடியின் வண்டிக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

ரோந்து நேரம் இருபது மணியாகக் குறைந்தது. அதனால் ஊருக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒரு சைக்கிள் காணாமல் போனது. முன்பு காணாமல் போன மூன்றில் இரண்டு, பனி உருகியதும் ஏரிக்கரையில் கிடைத்தன. வெர்லின் இப்போதும் ஜன்னலருகில்தான் நிற்கிறார். நாற்காலியை மட்டும் ஆர்லிஸ் சற்று முன்னே தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நல்ல வேளை, நாம் வெர்லின் இல்லை என்று பெருமூச்சு விடுகிறீர்கள். விடுங்கள். உங்கள் குடியிருப்பு வாசலில் வேலைக்கு வரும் பெண் மட்டும் தினமும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு நீங்கள் கைதூக்கியது பாதுகாப்புக்காகத்தான். "கேட் பக்கத்தில் யாரோ ஒருத்தன் ரொம்ப நேரமாக நிற்கிறான்" என்று படத்தோடு வாட்ஸப் குழுவில் போட்டதும், அவன் உங்களுக்கே சாப்பாடு கொண்டு வந்தவன் என்று தெரிந்தபின் அந்தப் படத்தை அழிக்காமல் விட்டதும் மறதியால்தான். நம்புகிறேன். இருந்தாலும் அடுத்தமுறை திரைச்சீலையை விலக்கும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையில் போன் இருக்கக்கூடும்.