தண்ணீரில் வந்திறங்கிய மாப்பிள்ளை

கட்டாரிலிருந்து வருகிறவனின் முகத்தை எங்கள் திகனவில் யாரும் முதலில் பார்ப்பதில்லை. வேனின் கூரையைத்தான் பார்ப்பார்கள். அங்கே கட்டியிருக்கும் பெட்டிகளின் உயரத்தை வைத்துத்தான் ஆளின் சுகம் விசாரிப்பார்கள். இது தெரிந்திருந்தும், என் நிக்காஹ்வுக்கு ஊர் வந்தபோது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்தே தண்ணீரில் இறங்கும் உள்ளூர் விமானம் பிடித்து விக்டோரியா நீர்த்தேக்கத்தில் இறங்குவதென்று முடிவெடுத்தேன். (அறிவு லீவில் போயிருந்த நேரம்.) மாமனார் வீடு அதற்குப் பக்கம்தான். தண்ணீரில் வந்திறங்கும் மருமகன் அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கு உண்டு?

எல்லோரும் கரைக்கு வந்து நிற்கும்படி குடும்ப வாட்ஸ்அப்பில் குரல் செய்தியும் போட்டேன்.

கட்டுநாயக்காவில் இரண்டு பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளூர் விமானக் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் பெட்டிகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சின்ன விமானம், ஒரு கைப்பைதான் ஏற்றலாம், டிக்கெட்டிலேயே இருக்கிறதே என்றாள். நான் டிக்கெட்டில் விமானத்தின் படத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். கூடக் காசு தருகிறேன் என்றேன். காசு கொடுத்தாலும் விமானம் பெரிதாகாது என்று மரியாதையாகச் சொன்னாள்.

மறுநாள் நிக்காஹ். மணப்பெண் உடுத்த வேண்டிய கல்யாணச் சாரி அந்தப் பெட்டிகளில் ஒன்றில் இருந்தது. டிக்கெட்டை விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் கரையில் மாமனார் நிற்கிறாரே! நடு மண்டபத்தில் பெட்டியைப் பிரித்தேன். ஒவ்வொரு சாமானையும் ஒரே மாதிரிக் கறுப்புப் பையில் சுற்றி டேப் ஒட்டியிருந்தேன். (கட்டாரில் ஸ்டோர் கீப்பர் வேலை; அந்தப் புத்தி.) பிரித்துப் பார்க்க நேரமில்லாமல், மெத்தென்றிருந்த பொதி ஒன்றைக் கைப்பையில் திணித்தேன். மிச்சத்தை அங்கேயே பாதுகாப்பில் விட்டு விமானம் ஏறினேன். மலைகள் அழகாக இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்கப் பயந்து, பொதியை அமுக்கி அமுக்கி, இது சாரிதானா என்று யோசித்ததில் அழுகையே வந்துவிட்டது.

கரையில் உம்மா, வாப்பா, மாமா, மாமி, மச்சான் எல்லோரும் நின்றார்கள். பெட்டி கட்டக் கயிறோடு வேனும் நின்றது. மாமா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“சாமானெல்லாம் எங்க மகன்?”

“கட்டுநாயக்காவில ஈக்கு மாமா. சாரிய மட்டும் கொண்டு வந்தேன்.”

மாமி ஆசையாகப் பொதியைப் பிரித்தார். உள்ளே வாப்பாவுக்கு வாங்கிய முழங்கால் பட்டிகள், ஒரு டசின். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திரும்பிக் கிளம்பிய விமானத்தோடு நானும் கட்டாருக்கே போய்விடலாம் போலிருந்தது.

மாமா வேன் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறுங்க மகன். அடுத்த முற நீங்க வேன்ல வாங்க, சாமான ப்ளேன்ல அனுப்புங்க.”

எந்த ரோட்டை வேண்டாமென்று விமானம் ஏறினேனோ அதே ரோட்டால் மச்சானோடு கட்டுநாயக்கா போய், பெட்டிகளைக் கூரையில் கட்டிக்கொண்டு, அதே ரோட்டால் திரும்பி வந்தேன். கடுகண்ணாவை வளைவுகளில் வாந்தியும் எடுத்தேன்.

சாரி நேரத்துக்கு வந்து சேர்ந்தது, நிக்காஹ்வும் நடந்தது. என் மரியாதை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இப்போதும் நான் சந்தைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால், அன்றைக்குப் பிறந்தேயிராத என் மகள் வாசலில் நின்று கேட்கிறாள்:

“வாப்பா, சாமான் ரோட்டால வருதா?”