அலமாரிக்காரர் அளந்து வாங்கிய கார்

குடும்பத் தலைவர் என்று ஒரு பதவி இருப்பதாக யாரோ சொல்லக் கேட்டு, அதில் அன்று காலையே சேர்ந்துவிடுவது என்று அலமாரிக்காரர் முடிவு செய்தார். முகத்தில் சவர நுரையோடு கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார்.

"வேன் வாங்க மாட்டேன். வேன் வாங்க மாட்டேன். தலைகீழா நின்னாலும் வேன் வாங்க மாட்டேன்."

மூன்றாவது தடவை குரல் கம்பீரமாகவே வந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது அதற்கு ஒரு காரணம்.

வீடு வீடாகப் போய்ச் சமையலறைக்கு அளவெடுத்து அலமாரி பொருத்துவது அவர் தொழில். ஆறடி இரண்டங்குல உயரம். சதை போட இடம் இருந்தும் போடாத உடம்பு. ஐந்து மாதத்துக்கு முன்னால், பதினொரு நிமிட இடைவெளியில், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா ஆனார். முதலில் வந்தவள் முன்னவள், பிறகு வந்தவன் பின்னவன். முறையான பெயர்களும் உண்டு, ஆனால் அவற்றைச் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அந்த வீட்டில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இருந்த பழைய காரோ, இரட்டையர் பிறந்த செய்தி கேட்ட அதே வாரத்தில் நடுரோட்டில் நின்று உயிரை விட்டது. புத்திசாலிக் கார்.

ஆகவே புதுக் கார் வேண்டும். அதில் கைக்குழந்தைகளுக்கான இரண்டு குட்டி நாற்காலிகள் பொருந்த வேண்டும். பின்னிருக்கையில், காரின் பின்பக்கம் பார்த்தபடி கட்டிவைக்கும் வகை. எங்கே போகிறோம் என்று தெரியாமல் எங்கிருந்து வந்தோம் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அலமாரிக்காரருக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழகிய பயணம்தான்.

மனைவி பல் மருத்துவமனையில் உதவியாளர், இப்போது பிள்ளைப்பேற்று விடுப்பில் இருக்கிறாள். ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. ஓடிப்போகும் எண்ணத்தோடு வாசலில் நிற்கிற ஆளை, "சும்மா பார்க்கத்தாங்க, கொஞ்சம் உட்காருங்க" என்பாள். ஐந்தாவது நிமிடம் அந்த ஆள் நாற்காலியில் மல்லாந்து வாயைத் திறந்துகொண்டிருப்பார். குரலை உயர்த்த அவளுக்கு அவசியமே வந்ததில்லை. ஒரு வாரமாக வேன் வேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அதே குரலில்தான்.

அலமாரிக்காரர் துடைத்த முகத்தோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தார். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"என்னங்க, நான் முடிவு பண்ணிட்டேன். வேன்தான்."

"எந்த வேன்?"

"எதிர்வீட்டு வாசல்ல நிக்குதே, அந்த மாதிரி. சாம்பல் கலர். எட்டு பேர் உட்காரலாம்."

"நாம நாலு பேர்தானே?"

"மிச்ச நாலு இடத்துல டயப்பர் வச்சுக்கலாம்."

"அது வண்டியா? சக்கரம் வச்ச பீரோ! நாள் முழுக்க பீரோவோட மல்லுக்கட்டிட்டு, சாயங்காலம் இன்னொரு பீரோவுக்குள்ள உட்கார்ந்து நான் வீட்டுக்கு வரணுமா?"

"நீங்க என்ன சொன்னாலும் சரி, வேன்தான். அந்தச் சிவப்புக் காரை மட்டும் மனசுல நினைக்காதீங்க."

"எந்தச் சிவப்புக் கார்?"

"தெரியாத மாதிரி கேட்காதீங்க. முனையில கார்க்கடை கண்ணாடிக்குள்ள நிக்குதே. ரெண்டே கதவு. கூரை திறக்கும். அதெல்லாம் ஜாலியா ஓட்டிட்டுத் திரியறவங்களுக்கு. நமக்கு ஆகாது."

அதுவரை அந்தக் கார் இருக்கிற திசையில்கூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் ஆகாது என்று மனைவி சொன்ன பிறகு பார்க்காமல் இருந்தால் குடும்பத் தலைவர் பதவி என்னாவது?

பத்தரை மணிக்கு அவர் கார்க்கடையில் இருந்தார். பத்து முப்பத்தைந்துக்குக் காருக்குள் இருந்தார். முன்னிருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி, காலை நீட்டி, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கூரை திறந்தது. முப்பத்தெட்டு வயது ஆள் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தார். இனி ஆயுசு முழுக்கப் பால் புட்டியும் பவுடர் டப்பாவும்தான். இது ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டும் என்று தோன்றியது. இந்தக் காரை நான் ஓட்ட வேண்டும், தெருவே பார்க்க ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

விற்பனைக்காரர் குனிந்து கேட்டார்.

"வீட்டுல குழந்தைங்க இருக்காங்களா சார்?"

"ரெண்டு. ஒரே வயசு."

விற்பனைக்காரர் காரைப் பார்த்தார். பிறகு அவருடைய கால்களைப் பார்த்தார். "பாப்பா சீட்டு ரெண்டையும் ஒரு தடவை கொண்டுவந்து மாட்டிப் பார்த்துடுங்களேன் சார்."

"தம்பி, நான் யாருன்னு தெரியுமா? பதினாறு வருஷமா அளவெடுக்கிறேன். ஒரு இடத்துல ஒரு சாமான் பொருந்துமா பொருந்தாதான்னு என்கிட்டயே சொல்றீங்களா?"

விற்பனைக்காரர் அத்தோடு வாயை மூடிக்கொண்டார். படித்த பிள்ளை.

நாற்காலிகளைக் கடைக்கு எடுத்துப்போவதானால் மனைவியிடம் கேட்க வேண்டும், கேட்டால் வேன் பேச்சு வரும். ஆகவே அலமாரிக்காரர் ஒரு திட்டம் போட்டார். ஒட்டுப்பலகையில் இரண்டு போலி நாற்காலி செய்வது, கூடத்துத் தரையில் காரின் பின்னிருக்கையைச் சாக்கட்டியால் வரைவது, பொருந்துகிறது என்று அவள் கண்முன்னே காட்டி வாயடைப்பது.

அவள் துணி காயப்போடப் போன சமயம் படுக்கையறைக்குள் பூனை மாதிரி நுழைந்து நிஜ நாற்காலிகளை அளந்தார். அகலத்தை இரண்டு தடவை அளந்தார். உயரத்தையும் இரண்டு தடவை. டேப் பட்டென்று சுருங்கிய சத்தத்தில் முன்னவள் விழித்தாள். அவள் போட்ட சத்தத்தில் பின்னவன் விழித்தான். அளவு மட்டும் மயிரிழை பிசகவில்லை.

இங்கே அவர் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அடுப்புமேடைக்கு அடியில் வரும் அலமாரிகளில் அகலம் வீட்டுக்கு வீடு மாறும், உயரமும் மாறும். சுவரிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஆழம் மட்டும் எங்கே போனாலும் இரண்டடிதான். அதனால் பதினாறு வருடமாக அவர் டேப்பை இடமும் வலமும் இழுத்திருக்கிறார், மேலும் கீழும் இழுத்திருக்கிறார். முன்னும் பின்னும் இழுத்ததே இல்லை. போலி நாற்காலிகளின் ஆழத்துக்கு, பட்டறையில் மிச்சம் கிடந்த பலகை எவ்வளவு இருந்ததோ அவ்வளவு வைத்து ஆணி அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் அரங்கேற்றம்.

"பார். இதுதான் பின்சீட்டு. இடது பக்கம் முன்னவள். வலது பக்கம் பின்னவன். எப்படி?"

மனைவி மடியில் வேன் படம் போட்ட புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். "ரெண்டும் உட்காருதே!"

"உட்காருதாவா? நடுவுல இன்னும் இடம் இருக்கு, பார். ஒல்லியா ஒரு ஆள் தாராளமா உட்காரலாம்."

"உசரமான ஆளா இருந்தா?"

"காலை ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவுல நீட்டிக்க வேண்டியதுதான். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"முன்னாடி பின்னாடி நீளமெல்லாம் அளந்தீங்களா?"

"ஆழமா? அது எப்பவும் ஸ்டாண்டர்டு."

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சொத்தைப் பல்லை நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்தில் பார்க்கிற பார்வை. பிறகு பெருமூச்சு விட்டு வேன் புத்தகத்தை மூடினாள். அவருக்கே பாவமாகிவிட்டது.

"சரிங்க. உங்க இஷ்டம். நான் எதுக்கு குறுக்க நிக்கணும்? ஆனா ஒண்ணு. உங்க வேலையில அளவுத்தாள்னு வச்சிருப்பீங்களே…"

வைத்திருந்தார். அளவெடுத்து முடித்ததும் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் தாள் அது. பிறகு ஃப்ரிட்ஜ் இடிக்கிறது, கதவு திறக்கவில்லை என்று யாராவது வந்தால் அந்தத் தாளை எடுத்து நீட்டுவார். அளவுக்குக் கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு. அதைப் பார்த்து வாயடைத்துப் போனவர்கள் ஒரு தெருவுக்குத் தேறுவார்கள்.

"நாளைக்கு நான் பாட்டுக்கு இடம் பத்தலைன்னு புலம்பினா உங்களுக்குத்தானே சங்கடம்? ஒரு தாள்ல எழுதி வச்சுட்டா என் வாயும் அடங்கும்."

தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டுச் சாவியைக் கையில் கொடுக்கிற மனைவி யாருக்குக் கிடைப்பாள்? அலமாரிக்காரர் ஓடிப்போய்த் தாளை எடுத்துவந்தார். அளவெடுத்தவர் என்ற இடத்தில் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஒப்புக்கொண்டவர்னு இருக்கே, அங்க நீ போடு."

"எனக்கு டேப் பிடிக்கவே தெரியாது. நான் என்னத்தைக் கண்டேன்? அதையும் நீங்களே போட்டுடுங்க."

அதையும் அவரே போட்டார். மனைவி தாளை வாங்கி, மை காய ஊதி, பத்திரப்படுத்தினாள். அன்று மத்தியானமே அவர் போய்க் காரைப் பதிவு செய்துவிட்டார். வேனுக்குச் சமாதி கட்டியாகிவிட்டது என்று அன்றைக்கு அவர் நடையே மாறியிருந்தது.

பத்தாம் நாள் கார் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கடையில் போய் இறங்கினார். மனைவி இரட்டையரோடும் நாற்காலிகளோடும் பின்னால் வந்தாள். விற்பனைக்காரர் நாற்காலிகளைப் பின்னிருக்கையில் பொருத்தினார். அகலம் கச்சிதம். அலமாரிக்காரர் எல்லாரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் நாற்காலிகள் சாய்ந்தபடி முன்னால் நீண்டன. நீண்டு, முன்னிருக்கைகளின் முதுகில் இடித்தன. விற்பனைக்காரர் ஓட்டுநர் இருக்கையை முன்னால் தள்ளினார். க்ளிக். மறுபடி தள்ளினார். க்ளிக், க்ளிக். கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிற மாதிரி ஒன்பது க்ளிக் தள்ளி நிறுத்தினார். பக்கத்து இருக்கைக்கும் அதே கதி.

அலமாரிக்காரர் உள்ளே ஏறினார். ஏறினார் என்பதைவிட மடிந்தார் என்று சொல்லலாம். வலது முட்டி வலது காதுக்குப் பக்கத்தில் வந்தது. முகவாய் ஸ்டியரிங் மேல் உட்கார்ந்தது. மூச்சை இழுத்தார், நெஞ்சு பட்டு ஹாரன் அடித்தது. விட்டார், நின்றது. இழுத்தார், அடித்தது.

"தம்பி, சீட்டைப் பின்னாடி தள்ளுங்க."

"பின்னாடி பாப்பா சீட்டு இருக்கு சார். நீங்க நீளம் அளந்தீங்கள்ல?"

"அது ஸ்டாண்டர்டு…"

"எதுக்கு சார் ஸ்டாண்டர்டு?"

அலமாரிக்கு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஹாரன்தான் அடித்தது.

இறங்கிப் பக்கத்து இருக்கையில் முயன்றார். அங்கே ஹாரன் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். வெளியே வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மனைவியை ஓரமாக அழைத்தார்.

"ஏம்மா… யோசிச்சுப் பார்த்தா வேன் ஒண்ணும் அவ்வளவு மோசமில்லை."

"வேனா? சக்கரம் வச்ச பீரோவா? ஐயோ, உங்களைப் போய் அதுல உட்கார வைப்பேனா?"

"இல்லம்மா, குழந்தைங்களுக்கு வசதியா…"

மனைவி கைப்பையைத் திறந்தாள். அளவுத்தாள் வெளியே வந்தது. பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள். வாடிக்கையாளர்களுக்கென்று அவரே எழுதி வைத்திருந்த கடைசி வரியை நிதானமாகப் படித்தாள்: "எக்காரணம் கொண்டும் பின்னர் மாற்றம் கோரப்பட மாட்டாது." பிறகு கீழே விரலை வைத்தாள். "ரெண்டு கையெழுத்தும் உங்களோடதுதானே?"

அவருடையதுதான். இரண்டும் அழகாகச் சுழித்திருந்தன.

மனைவி போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். தையற்காரர் அவளுக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. விற்பனைக்காரர் சந்தோஷமாகக் கேட்டார்.

"மேடத்துக்கு ஒன்பதாவது கட்டம் சரியா இருந்ததுல்ல? போன தடவை வச்ச மாதிரியே வச்சிருக்கேன்."

"போன தடவையா?" என்றார் அலமாரிக்காரர்.

"மேடம் போன மாசம் வந்து இந்த ரெண்டு சீட்டையும் மாட்டி ஓட்டிப் பார்த்தாங்களே. உங்ககிட்ட சொல்லலையா சார்?"

"சும்மா பார்க்கத்தாங்க போனேன்" என்றாள் மனைவி.

"அப்புறம் எதுக்கு வேன் வேன்னு உயிரை வாங்கின?"

"எனக்கு சிவப்புக் கார் வேணும்னு சொல்லியிருந்தா என்ன வாங்கியிருப்பீங்க?"

அலமாரிக்காரர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். வேன் வாங்கியிருப்பார்.

பொத்தான்களை விளக்கிச் சொல்ல முதல் சுற்றுக்கு விற்பனைக்காரரும் கூட வந்தார். அவர் குள்ளம், பக்கத்து இருக்கை அவருக்குப் போதுமானதாக இருந்தது. அலமாரிக்காரருக்கு மிச்சமிருந்தது ஒரே இடம்தான். முன்னவளுக்கும் பின்னவனுக்கும் நடுவில், தோளைக் குறுக்கி, கால் இரண்டையும் முன்னிருக்கைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கதவோ இரண்டே இரண்டு. முன்னால் இருப்பவர்கள் மனம் வைக்காமல் இனி அவர் இறங்கவும் முடியாது.

கூரை திறந்தது. மனைவி வண்டியை எடுத்த வேகத்தில் கறுப்புக் கண்ணாடி பறந்து போயிற்று. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஐந்து மாதமாக நாலு சுவருக்குள் புட்டி கழுவிக்கொண்டிருந்தவள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. கேட்க நன்றாகவே இருந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டு முட்டிகள் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"மெதுவா போ! வளைவு வருது! கால்ல கியர் இடிக்குது! முதுகு… ஐயோ… எனக்கு எப்போ ஓட்டத் தருவே?"

மனைவி கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்தாள்.

"தம்பி, அந்தப் பையில கிலுகிலுப்பை இருக்கு, எடுத்துப் பின்னாடி கொடுங்க."

விற்பனைக்காரர் திரும்பிப் பார்த்தார். "பாப்பாங்க ரெண்டு பேரும் தூங்கிட்டாங்களே மேடம்."

"அவங்க தூங்கட்டும். அவருக்குக் கொடுங்க."