தொண்ணூற்றாறு புள்ளி மூக்கு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் பல்செட்டின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். என்னிடம் இருக்கும் பொருள்களில் விலை கூடியது அதுதான். பொய்ச் சத்தியத்துக்கு அதைப் பணயம் வைக்க மாட்டேன்.

எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தில் 'பசுமை முன்னோடி' என்று ஒரு திட்டம் இருந்தது. கட்டாயம் இல்லை, விருப்பப்பட்ட தொழிற்சாலைகள் சேரலாம். காற்றையும் தண்ணீரையும் கெடுக்காமல் தொழில் நடத்துகிறவருக்கு வாசலில் மாட்டிக்கொள்ள ஒரு பச்சைத் தகடு கிடைக்கும். திட்டத்தை நடத்திய பெண்மணிக்கு ஊர் வைத்த பெயர் மீட்டரம்மா. எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள், எவ்வளவு அழுக்கை வெளியே விட்டீர்கள், மீட்டரைக் காட்டுங்கள் என்று போகிற இடமெல்லாம் கேட்பார். அதனால் திட்டத்தில் சேர்ந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் அவருடைய சொந்த அண்ணன், சலவை ஆலை முதலாளி.

அப்போதுதான் மூக்குச் சித்தர் வந்தார். அவர் சொல்லும் புள்ளிக்கே தகடு கொடுக்கலாம் என்று சங்கமும் தலையாட்டியது.

மீட்டர் வேண்டாம், ரசீது வேண்டாம். ஆலை வாசலில் நின்று கண்ணை மூடி ஒரே ஒரு இழுப்பு. அந்த இழுப்பில் ஆலையின் பசுமை முழுக்க அவர் மூக்குக்குள் போய்விடும். உடனே நூற்றுக்கு இத்தனை புள்ளி என்று அறிவிப்பார். கூட வரும் சீடன் அதைப் பலகையில் எழுதுவான். எழுதுவதற்கு முன் ஒரு உறை கைமாறும். உறையின் கனத்துக்கும் புள்ளிக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஊர் கிறுகிறுத்துப் போயிற்று. மூன்று பேர் இருந்த திட்டத்தில் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். டயர் கொளுத்துகிறவர் தொண்ணூறு வாங்கினார். தோல் பதனிடுகிறவர் சாக்கடையில் குடம் குடமாகப் பன்னீர் ஊற்றித் தொண்ணூற்றிரண்டு வாங்கினார். அத்தர் கடைக்காரர் மாடி கட்டினார். சித்தருக்கு மூன்று நாசித் துவாரம் என்று சிலர் சொன்னார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், இரண்டுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றரை அகலம்.

சலவை முதலாளிக்குக் கிடைத்தது தொண்ணூற்றாறு. அதற்குப் பிறகு அவர் கால் தரையில் பாவவில்லை. ஆலையின் சோப்புத் தண்ணீரை வடிகட்டும் தொட்டியை இடித்துவிட்டு, அந்த இடத்தில் சித்தர் வந்தால் உட்காரக் குளுகுளு அறை கட்டுவதாக முடிவு செய்தார். கடப்பாரையோடு ஆட்களும் வந்துவிட்டார்கள்.

தங்கை ஓடி வந்தார்.

"அண்ணே, தொட்டிய இடிக்கப் போறியாமே?"

"பாஸானவன் மறுபடியும் பரீட்சை எழுதுவானா? தொண்ணூத்தாறு வாங்கினவனுக்குத் தொட்டி எதுக்கு?"

"அப்போ அழுக்குத் தண்ணி எங்க போகும்?"

"கீழ போகும். பின்ன மேலயா போகும்?"

"கீழ யாரு கிணறு இருக்கு?"

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அம்மா கிணறு."

"அதுலதான் அம்மா குடிக்கிறாங்க, குளிக்கிறாங்க."

"குளிக்கச் சோப்பு வாங்கற செலவு மிச்சம்னு நெனச்சுக்கோ. நீ ரெண்டு வருஷமா மீட்டர் மீட்டர்னு அலைஞ்சியே, யாரு சேந்தா? நானே நீ மூக்கைச் சிந்தினதாலதான் சேந்தேன். அவரு மூக்கால ஊரே சேந்துடுச்சு பாரு!"

தங்கை கோபிக்கவில்லை. "சரி. இன்னிக்கு அவரு உன் தகட்டை வாழ்த்த மறுபடியும் முன்வாசலுக்கு வராரு இல்ல? முடிஞ்சதும் பின்வாசலுக்கும் ஒரு தடவை கூட்டிட்டு வரேன். அங்கயும் அதே தொண்ணூத்தாறு சொல்லட்டும். மொதல் கடப்பாரைய நானே போடறேன். நீ உள்ளயே நில்லு, வாயத் திறக்காத."

"இதுல என்ன இருக்கு? தாராளமா கூட்டிட்டு வா."

அந்த ஆலைக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் ஒரே கொதிகலன், ஒரே புகைபோக்கி. பின்வாசலில் மீட்டரம்மா 'புதுவெள்ளை துணி வெளுப்பகம்' என்று பளிச்சென்று ஒரு பலகையை மாட்டினார்.

சித்தர் வந்தார். முன்வாசலில் இழுத்தார். உறை கைமாறியது. "தொண்ணூத்தாறு! அப்பப்பா, மல்லிகைத் தோட்டம்!" கூட்டம் கைதட்டியது. நான் முன்வரிசையில் நின்றேன். தட்டின தட்டில் என் பல்செட்டே கழன்றது.

"பின்தெருவுல புதுசா ஒருத்தங்க சேரணும்னு கேக்கறாங்க சாமி" என்றார் மீட்டரம்மா.

கார் தெருவைச் சுற்றிக்கொண்டு போனது. கூட்டமும் பின்னாலேயே ஓடியது. பாதிப் பேருக்கு அது அதே கட்டடம் என்று தெரியும். ஆனால் எல்லோர் கண்ணும் அவர் மூக்கின் மேல் இருந்ததால் தலைக்கு மேலே நின்ற புகைபோக்கியை ஒருவரும் பார்க்கவில்லை.

பின்வாசலில் உறை இல்லை. மீட்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீர்தான் நீட்டினார். சித்தர் டம்ளரைப் பார்த்தார், சீடனைப் பார்த்தார். பிறகு இழுத்தார். இழுத்தவர் அப்படியே சீடன் கையில் சரிந்தார்.

"பன்னெண்டு! பன்னெண்டுகூட பாவம் பாத்துப் போட்டது! இது ஆலையா, விஷக் குடோனா? முன்தெருவுல ஒரு புண்ணியவான் இருக்காரே, அவரு காத்தைக் கெடுக்கறதே இந்தப் பாவிதான்!"

"அந்த ஆலைக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் சாமி இருக்கும்?"

"தூரமா? வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம்மா!"

மீட்டரம்மா கதவைத் தள்ளினார். உள்ளே நீராவி. நீராவிக்கு நடுவே ஈரப் போர்வையைப் பிழிந்தபடி புண்ணியவான் நின்றார். அவருக்குப் பின்னால் முன்வாசல் திறந்து கிடந்தது. சித்தர் சற்றுமுன் வாழ்த்திய பச்சைத் தகடு அங்கே மினுமினுத்தது.

முதலாளி மெதுவாகக் கேட்டார்: "சாமி, நான் எந்தப் பக்கம் நின்னா புண்ணியவான்?"

சித்தர் மூக்கை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"காத்து... திசை மாறிடுச்சு" என்றார் சித்தர்.

"பரவாயில்ல சாமி" என்றார் மீட்டரம்மா. "கண்ணைக் கட்டி ரெண்டு வாசலுக்கும் மாத்தி மாத்திக் கூட்டிட்டுப் போறோம். எது எதுன்னு சொல்லிடுங்க, போதும்."

சித்தருக்கு அந்த இடத்திலேயே ஜலதோஷம் பிடித்தது. உச்சி வெயிலில் அவ்வளவு வேகமாக ஜலதோஷம் பிடித்த மனிதரை மருத்துவ உலகம் கண்டதில்லை. தும்மிக்கொண்டே காரில் ஏறினார். அடுத்த ஊரில் கால் மோந்து கல்யாணப் பொருத்தம் பார்ப்பதாகக் கேள்வி.

கடப்பாரை ஆட்களை முதலாளியே திருப்பி அனுப்பினார். தொட்டி தப்பியது; அம்மாவின் கிணறும் தப்பியது. ஆனால் கூட்டம் மட்டும் கலையவில்லை. "அப்போ எங்களுக்கு யாரும்மா மோந்து பாப்பாங்க? நீங்க பாக்கறீங்களா?" என்று மீட்டரம்மாவையே கேட்டது. அவர் தலையில் அடித்துக்கொண்டு புது விதி ஒன்றைப் போட்டார்: அவரவர் மீட்டரை அவரவர் பார்க்கக் கூடாது, பக்கத்து ஆலைக்காரர் பார்த்து, வாசல் பலகையில் எல்லோரும் படிக்கப் புள்ளி எழுத வேண்டும். பக்கத்து ஆலைக்காரரைவிடக் கண்டிப்பான அதிகாரியை எந்த அரசாங்கமும் நியமித்ததில்லை. முதல் மாதமே சலவை முதலாளிக்கு நாற்பத்தொன்று. இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் ஒழுகும் குழாய்களையெல்லாம் மாற்றினார்.

ஆகவே, மூக்கோ நாக்கோ, எவர் அடித்துச் சொன்னாலும் அளந்து பார்க்காமல் தலையை ஆட்டாதீர்கள். இவ்வளவு நேரம் நீங்கள் ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் நடந்த அன்று நான் ஊரிலேயே இல்லை.