வெளியூர்த் தலை

“குன்று மேல ஏறலாமா டீச்சர்?” என்று ரங்கேல் கேட்டான். பதினோரு பேரும் மேலும் கீழும் தலையை ஆட்டினார்கள். ஏற்றிவிட்டான்.

உச்சியில் நின்று மூச்சு வாங்கும்போது இங்கர் டீச்சர் கேட்டாள். “ஏம்ப்பா, வேண்டாம்னு அத்தனை பேரும் சொன்னோமே. அப்புறம் எதுக்கு இப்படி ஏத்தி வதைக்கிறே?”

ரங்கேல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

எங்கள் பல்கேரியாவில் சம்மதம் என்றால் தலை இடமும் வலமும் போகும். மறுப்பு என்றால் மேலும் கீழும். மற்ற நாட்டுக்காரர்கள் தலைகீழாக ஆட்டினால் அது அவர்கள் பாடு. ஆனால் ப்ளோவ்திவ் நகரத்தைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவன் அப்படிச் சொல்ல முடியுமா? ரங்கேல் எட்டு வருடமாக வேலை நேரத்தில் வெளியூர்த் தலையை மாட்டிக்கொள்வான், வீட்டுக்குப் போனால் உள்ளூர்த் தலை.

வந்தவர்களோ டென்மார்க்கின் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியைகள். மூன்று நாள் சுற்றுலா என்றாலும் பாடம் படிக்காமல் கிளம்புகிற ஆட்கள் இல்லை. விமானத்திலேயே உள்ளூர்த் தலையைப் பழகிக்கொண்டு இறங்கியிருந்தார்கள்.

“இனிமே அவங்கவங்க சொந்தத் தலையையே ஆட்டுங்க, தாயே!” என்று கும்பிட்டான்.

அது பாதிப் பேர் காதில்தான் விழுந்தது. அதனால் கீழே இறங்கி, “பசிக்குதா?” என்று கேட்டபோது ஆறு தலை ஒரு பக்கமும் ஐந்து தலை இன்னொரு பக்கமும் போயின. பசிக்காதவர்கள் கையில் வெண்ணெய் ஒழுகும் பனீட்சாப் பலகாரம், பசித்தவர்கள் கையில் தண்ணீர் பாட்டில் என்று ஆயிற்று. கடைசியில் ஒரு பூனைக்குத்தான் நல்ல சாப்பாடு.

வேறொரு நாளாக இருந்தால் ரங்கேலே சிரித்திருப்பான். இன்று அவன் மனசு அங்கே இல்லை. பழைய நகரத்தில் கம்பளி வியாபாரி ஒருவரின் வீட்டை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அங்கே டிக்கெட் கொடுக்கிற தெமெனூகாவுக்கு இன்றோடு இங்கே வேலை முடிகிறது. திங்கட்கிழமை முதல் கடற்கரையில் புர்காஸ் நகரத்தில் வேலை. இரண்டு வருடமாக அவளிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறான், கேட்க வேண்டியதைக் கேட்டபாடில்லை. இரண்டு வருடம் என்பது எங்கள் ஊருக்கு அவசரம்தான் என்றாலும், புர்காஸ் என்ன பக்கத்துத் தெருவா?

கருங்கல் பாவிய சந்தில் பதினோரு பேரையும் நடத்திக்கொண்டு போய் டிக்கெட் ஜன்னல் முன்னால் நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மின்விசிறி இரைய, தெமெனூகா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் பறந்துபோயிற்று.

“பதினோரு டிக்கெட்... அப்புறம், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

தெமெனூகா தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

ரங்கேலுக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. பாதி மேளத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. இவளும் நாள் முழுக்க வெளியூர்க்காரர்களோடு மல்லுக்கட்டுகிறவள். இப்போது மாட்டியிருப்பது எந்தத் தலை?

“இது உள்ளூர்த் தலைதானே?” என்று கேட்டான்.

அவள் மேலும் கீழும் ஆட்டினாள்.

“என்னப்பா, முகம் இப்படிச் செவந்து கிடக்கு? டிக்கெட் தீந்துபோச்சா?” என்றாள் இங்கர் டீச்சர்.

பொய் சொல்லத் தெம்பில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். கம்பளி வியாபாரியும் அவர் வீடும் அந்தக் கணமே மறந்துபோய், பதினோரு பேரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் கணக்கு டீச்சர் ஒருத்தி, பெயர் கிர்ஸ்தன். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

“உள்ளூர்த் தலைதானேன்னு கேட்டா, எந்தத் தலையா இருந்தாலும் பக்கவாட்டுலதான் ஆட்டியாகணும். உள்ளூர்த் தலைக்கு அது ஆமா, வெளியூர்த் தலைக்கு அது இல்லே. மேலும் கீழும் ஆட்டவே வழியில்லையே!”

“எனக்கு ஒண்ணும் புரியலை டீச்சர்.”

“நீ கணக்குல எவ்வளவு வாங்கினேன்னு நான் கேக்கலை. அவளுக்கு நீ பேசினது காதுலயே விழலைப்பா!”

“சத்தமாக் கேளு!” என்றாள் இங்கர் டீச்சர்.

கேட்டான். மின்விசிறி இரைச்சலில் தெமெனூகா காதில் கை குவித்தாள். இன்னும் சத்தமாகக் கேட்டான். பின்னால் வரிசையில் நின்ற ஒரு தாத்தா, “எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சு தம்பி” என்றார். சந்தே சிரித்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், “எவன்டா அது, நட்டநடுப் பகல்ல?” என்று எட்டிப் பார்த்தாள்.

“எழுதிக் காட்டு. வகுப்பு அடங்கலேன்னா நான் அதைத்தான் செய்வேன்” என்றாள் இங்கர் டீச்சர்.

குழுவின் பெயர் எழுதிய அட்டையைத் திருப்பி, ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். இரண்டு வருடம் அந்த ஒற்றை அட்டையில் தொங்கியது.

தெமெனூகா படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கண் கலங்க, மெல்ல மேலும் கீழும் தலையை ஆட்டினாள்.

ரங்கேல் அட்டையைத் தொங்கப் போட்டான். பதினோரு டீச்சர்களும், படித்த பாடத்தை நினைத்து, “ஐயோ!” என்றார்கள். கிர்ஸ்தன் டீச்சர் கைக்குட்டையை எடுத்தாள். கூட்டம் வழியை அடைத்ததைப் பார்த்து வாசல் காவலர் மிஞ்சோ ஓடிவந்தார். அவர் தெமெனூகாவின் அப்பா. எப்போதும் மீசைக்குள்ளேயே பேசுகிறவர், ஒரு சொல் வெளியே வந்தால் அதிசயம்.

“ஒண்ணுமில்லே மாமா. நான் போயிடறேன்” என்றான் ரங்கேல்.

பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. தெமெனூகா சந்தில் இறங்கி வந்து அட்டையைப் பிடுங்கினாள்.

“எங்கே போறே? சரின்னுதானே தலையை ஆட்டினேன்!”

“நீ... மேலயும் கீழயும்...”

“ஜன்னல்ல உக்காந்தா எனக்கு வெளியூர்த் தலைதான்டா, மண்டு! சீட்டை விட்டு எந்திரிச்சாத்தான் உள்ளூர்த் தலை.”

“அப்ப முதல்ல பக்கவாட்டுல ஆட்டினியே?”

“காது கேக்கலைன்னு சொன்னேன்.”

“அதுக்கப்புறம் மேலயும் கீழயும்?”

“பதினோரு டிக்கெட்டான்னு கேக்குறேன்னு நினைச்சேன். எனக்குத் தலையெல்லாம் வேண்டாம், வாயாலயே சொல்றேன். சம்மதம், சம்மதம், சம்மதம்! போதுமா?”

ரங்கேலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பதினோரு டீச்சர்களும் கைதட்டினார்கள். எதிர்மாடிக்காரி ஈரத் துணியைக் கொடி மாதிரி வீசினாள். பசித்தவர்களில் ஒருத்தி, “இப்பவாவது சாப்பாடு உண்டா?” என்று கேட்க, வரிசைத் தாத்தா தன் பையிலிருந்த செர்ரிப் பழங்களை எல்லாருக்கும் பங்கிட்டார்.

சந்தோஷத்தில் ரங்கேலுக்குச் செல்லக் கோபம் வந்தது. “ரெண்டு வருஷம் வீணாப் போச்சே தெமெனூகா! உங்க வீட்டுல ஒருத்தராவது, ஒரே ஒரு வார்த்தை, எங்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா?”

மிஞ்சோ மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கினார். முதன்முறையாக அவர் சொன்னது முழுதாகக் காதில் விழுந்தது.

“கேக்கலையா? தினம் காலையில வாசல்ல வச்சு, ‘என் பொண்ணைக் கட்டிக்கிறியாடா’ன்னு ரெண்டு வருஷமாக் கேக்குறேன், நீதானேடா பூம்பூம் மாடு மாதிரி மேலயும் கீழயும் தலையை ஆட்டிட்டு உள்ளே போவே!”