பூவாயி ஆமைக்கு மீட்டர் பொருத்திய கதை

ஒரு காட்டில், கரண்டுக் கம்பங்கள் மரங்களோடு மரமாக நின்று பழகிவிட்ட பிறகு, பூவாயி என்றோர் ஆமை கீரை விற்றுப் பிழைத்துவந்தாள். குளத்தங்கரையில் அவள் போட்ட பாத்தியில் அரைக்கீரையும் சிறுகீரையும் அப்படித் தழைக்கும். விடிவதற்கு முன்பே பறித்து முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் நலம் விசாரிப்பாள். அவள் நடைக்கு அந்தப் பேச்சுதான் துணை. சந்தைமேட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். கீரை துவண்டு தலை தொங்கிக் கிடக்கும்.

"என்ன பூவாயி, நேத்துப் பறிச்சதா?" என்பாள் மான் மரகதம்.

"இன்னைக்குப் பறிச்சதுதான் தாயி. வர்ற வழியில வயசாயிடுச்சு."

மரகதம் சிரித்துக்கொண்டே பாதி விலைக்கு வாங்கிப்போவாள். பனி காயாத கீரையோடு ஒரு நாளாவது காலைச் சந்தைக்குள் நுழைந்து பார்த்துவிட வேண்டும். பூவாயிக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் காட்டு மின்வாரியம் ஒரு திட்டம் அறிவித்தது. ஏழை எளிய விலங்குகளுக்கு எலெக்ட்ரிக் வண்டி. விலையில் பெரும்பங்கை வாரியமே போட்டுவிடும். மிச்சத்தைக் கரண்டு பில்லோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். மத்தியான வெயிலில் சார்ஜ் போட்டால் கரண்டு பாதி விலை. ஒரே ஒரு நிபந்தனை: சொந்த வீட்டுச் சுவரில் தனி மீட்டர் பொருத்தியிருக்க வேண்டும்.

காடே வரிசையில் வந்து நின்றது. உள்ளே உதவிப் பொறியாளர் நாரை, வழக்கம்போல ஒற்றைக் காலில் நின்றபடி விசாரித்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இன்னொரு காலைக் கீழே வைக்க அவருக்கு மேலிடத்து உத்தரவு வரவில்லை.

முதலில் எலி.

"வீடு?"

"வளை சார். பெருச்சாளி ஐயாவோட வாடகை வளை."

"சுவத்துல மீட்டர் வைக்க வீட்டுக்காரர் விடுவாரா?"

"காலண்டர் மாட்ட ஆணி அடிச்சதுக்கே காலி பண்ணச் சொன்னாரு சார்."

"அடுத்தது."

அடுத்தது தூக்கணாங்குருவி. கூடு சொந்தம்தான், ஆனால் ஆடிக் காற்றுக்குத் தாங்குமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவளுக்கும் இல்லையென்றாகிவிட்டது. யானையிடம் சொந்த வீடு, சுவர் எல்லாம் இருந்தன. ஏழையாக மட்டும் இல்லை. அதைச் சொன்னதும் யானை உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

நாரைக்கு வியர்த்தது. பயனாளி என்று ஒருவராவது அகப்படாவிட்டால், வந்த நிதி வந்த வழியே திரும்பிவிடும். அப்போதுதான் வரிசையின் கடைசியிலிருந்து பூவாயி வந்து சேர்ந்தாள்.

"வீடு எங்கம்மா?"

"முதுகுல இருக்கு சார்."

"வாடகையா?"

"பொறந்ததுலேருந்து என்னோடதுதான்."

"சுவர் உறுதியா இருக்குமா?"

"போன வருஷம் பனங்காய் விழுந்துச்சு. காய்தான் உடைஞ்சது."

"ஏழைதானே?"

"பாத்தா தெரியலையா சார்?"

நாரை அன்றுதான் இன்னொரு காலையும் கீழே வைத்தார்.

விழா தடபுடலாக நடந்தது. தெர்மாகோலில் செய்த, பூவாயியைவிடப் பெரிய சாவியை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். செம்மறியாடுகள் கைதட்டின. மேடையை விட்டு இறங்கியதும் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "நாளைக்குப் பக்கத்துக் காட்டுல விழா இருக்கும்மா" என்றார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே லைன்மேன் குரங்கு சடையன் டிரில்லோடு வந்தான்.

"கூசுதா அக்கா?"

"கூசுது. பரவாயில்ல, அடி."

ஓட்டின் நடுவில் மீட்டரைப் பொருத்தி, ஈய சீல் வைத்து, கம்பத்திலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தான். கையோடு மூன்று சக்கர வண்டியும் வந்தது. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பனி சொட்டச் சொட்டக் கீரையை ஏற்றிக்கொண்டு பூவாயி வண்டியைக் கிளப்பினாள். பாத்தி முனைகூடத் தாண்டியிருக்காது. முதுகில் வயர் சுரீரென்று இழுத்தது.

"எங்கக்கா போற?" என்றான் சடையன், கம்பத்தின் மேலிருந்து.

"சந்தைக்கு."

"இணைப்புக் குடுத்த வீட்டை எடத்தை விட்டு நகத்தக் கூடாதுக்கா."

பூவாயி நாரைக்கு ஆள் அனுப்பினாள். அவரும் பாவம், உடனே பறந்து வந்தார்.

"வண்டி எங்க வேணாலும் போகலாம்மா. வீடுதான் போகக் கூடாது. நீங்க வீட்டை இங்க வெச்சுட்டுப் போயிட்டு வாங்களேன்."

"கழட்ட முடிஞ்சா கத்திரி வெயில்லயே கழட்டியிருப்பேன் சார். மீட்டரை எடுத்துருங்க, புண்ணியமாப் போகும்."

"மீட்டர் இல்லன்னா வண்டியும் இல்லம்மா. திட்டத்துக்கு இருக்கறதே நீங்க ஒருத்தர்தான். நீங்களும் வேணாம்னுட்டா மூடிருவாங்க. இது நடந்துச்சுன்னா அடுத்த வருஷம் எலிக்கும் குருவிக்கும் ஒரு வழி கேக்கலாம்."

வாடகை வளையில் ஆணி அடிக்க முடியாத எலியைப் பூவாயி நினைத்துப் பார்த்தாள். கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்துப் புதரில் வேலை வெட்டி இல்லாமல் இருந்த கீரி மாயழகு வந்து நின்றான். "நான் ஓட்டிட்டுப் போறேன்க்கா. கீரை வாடுது பாரு."

அன்று முதல் பூவாயியின் கீரை பனி காயாமல் சந்தைக்குப் போனது. முழு விலைக்கு விற்றது. மாயழகின் கூலி போக, பில்லில் வந்த தவணை போக, பழைய பாதி விலைக் காசு அப்படியே அவள் கைக்கு வந்தது. மத்தியானம் அவன் வண்டியைக் கொண்டுவந்து அவள் முதுகில் சொருகிவிட்டு, அவள் நிழலிலேயே படுத்துக்கொள்வான். வேறு காடுகளிலிருந்தெல்லாம் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். "இவ்வளவு எளிமையான சார்ஜிங் பாயின்ட்டை எங்கேயும் கண்டதில்லை" என்று பாராட்டி, பூவாயியை மறைத்துக்கொண்டு நின்று படம் எடுத்துப் போனார்கள்.

ஒரு நாள் பூவாயி கேட்டாள். "ஏண்டா மாயழகு, சந்தையில என்னைப் பத்தி யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்காம இருப்பாங்களா?"

"யாரு?"

"எல்லாரும்தான். மரகதம்தான் ரொம்ப."

பூவாயியின் கழுத்து ஒரு விரற்கடை நீண்டது. "என்ன சொன்னா?"

மாயழகு கொட்டாவி விட்டான். "நடந்து வந்த காலத்துல வழியில நின்னு நின்னு பேசுவாளாம். இப்ப ஆளை விட்டுக் கீரை அனுப்புறாளாம். வண்டி வந்ததும் பூவாயிக்கு மண்டைக்கனம் வந்துருச்சு, வீட்டை விட்டு எறங்கவே மாட்டேங்குறா, அப்படின்னா."

பூவாயி கழுத்தை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். காலையும் இழுத்துக்கொண்டாள். வெளியே மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நீதி: ஒரு வண்டி ஓட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அவர் ஏழையாகவும் சொந்த வீடு உள்ளவராகவும் இருந்துவிட்டால், வாரியத்துக்கு ஒரு கம்பம் மிச்சம்.