வாழ்நாளுக்கு ஏழு உடுப்பு

உடுப்பு வாங்குகிறவர்களில் பல ரகம் உண்டு. கண்ணில் பட்டதை வாங்குகிறவர், தள்ளுபடியில் மட்டும் வாங்குகிறவர், மனைவி வாங்கித் தந்ததை மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொள்கிறவர். இவர்களோடெல்லாம் நிம்மதியாகக் காலம் தள்ளலாம். நான் சொல்ல வந்தவர் வேறு. அவருக்குத் துணி போதாது. காலத்தை வென்ற துணி வேண்டும். அறுபது வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் யாரோ ஒருவர் ரயிலுக்காகக் காத்து நிற்பாரே, அவர் போட்டிருந்த மாதிரி. அந்த ஆள் ரயிலைப் பிடித்தாரா, தெரியாது. பேண்ட் நன்றாக இருந்தது.

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். நாங்கள் வைத்த பெயர் கிளாசிக்.

"ஒரு மனுஷனுக்கு ஏழு உடுப்பு போதும்" என்பார், நாம் கேட்காமலே. "வாழ்நாளுக்கும் போதும்."

அந்த ஏழு உடுப்பைத் தேடி எட்டே மாதத்தில் முப்பத்தொன்று வாங்கினார். முதல் வெள்ளைச் சட்டையின் காலர் சரியில்லை. இரண்டாவதில் பிளாஸ்டிக் பொத்தான். மூன்றாவது காலத்தை வென்றது, முதல் சலவையில் தோற்றது.

"ஏழுன்னு சொன்னீங்களே?" என்றார் மனைவி.

"இதெல்லாம் ஏழுக்குப் போற வழி."

ஏழும் சேர்ந்ததும் மற்ற அத்தனையையும், வீட்டில் கட்டும் லுங்கி உட்பட, மூட்டை கட்டி மச்சினனுக்கு அனுப்பினார். ஏழில் முக்கியமானது பேண்ட். அதைத் தைக்கக் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன்.

"சார், இடுப்புக்கு மேல நாலு அங்குலம்னா அங்க விலா எலும்புதான் இருக்கு" என்றார் தையற்காரர்.

"அந்தக் காலத்துல இடுப்பு அங்கதான்."

"பெல்ட் போட வளையம்?"

"கூடாது. தோள்ல மாட்டுற வார்தான். அதுக்குப் பொத்தான் மட்டும் வைங்க."

தையற்காரர் நாடாவைச் சுருட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். தைத்து வந்தபோது கால்கள், ஆளுக்கொன்றாக இரண்டு பேர் குடியிருக்கலாம் என்கிற அளவுக்கு அகலமாக வந்தன.

ஒன்பது வருஷமாக அவர் காத்திருந்த பிரிவுத் தலைவர் பதவி காலியான அன்று அந்தப் பேண்டில் வந்தார். லிஃப்டில் ஏறிய பெரியவர் ஒருவர் இவரை அந்தக் காலத்து லிஃப்ட்காரர் என்று நினைத்து, "மூணாவது மாடிப்பா" என்றார். இவருக்கு வாயெல்லாம் பல். மூன்றை அமுக்கிவிட்டார்.

மேலாளர் அறையில் நாற்காலி போதாமல் எல்லோரும் நின்றோம். இவர் முன்வரிசை. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தார். பின்னால் பட், பட் என்று வாரின் இரண்டு பொத்தான்கள் தெறித்தன. ஒன்று தோளைத் தாண்டி மேலாளரின் தேநீருக்குள் போய் இறங்கியது. இவர் நிமிர்ந்தார். பேண்ட் நிமிரவில்லை. சட்டென்று இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பொறுப்பை ஏத்துக்க விருப்பம் இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் மேலாளர்.

இவர் வலது கையைக் கொஞ்சம் தளர்த்தினார். வலது பக்கம் இறங்கியது. கை உடனே திரும்பிவிட்டது. இடது கையும் அப்படியே. முகம் மட்டும், ஒன்பது வருஷ ஆசையையும் நெற்றியில் ஏற்றி மேலே மேலே போனது.

"நீங்க தூக்கலையா?" என்று மேலாளரே கேட்டார்.

"தூக்கித்தான் சார் பிடிச்சிருக்கேன்."

பதவி, இஸ்திரி பார்க்காத சட்டைக்காரர் ஒருவருக்குப் போனது. அவரிடம் கைகுலுக்கக்கூட இவரால் முடியவில்லை. அன்று முழுக்க நாற்காலியை விட்டு எழவில்லை, சாப்பாட்டையும் தொடவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

வீட்டில் நடந்ததை அவர் மனைவி என் வீட்டுக்காரியிடம் சொன்னாராம்.

"தம்பிகிட்ட சொல்லி ரெண்டு பேண்டாவது திரும்ப வாங்கட்டுமா?"

அவர் பேண்டை ஒரு தடவை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாராம். "வேண்டாம். எட்டாவதா ஒண்ணு சேர்த்தா போதும். பெல்ட்."

"அப்பாடா."

"அந்தக் காலத்து பெல்ட்."

சிரித்தாயிற்றா? நல்லது. அப்படியே எழுந்துபோய் உங்கள் அலமாரியைத் திறங்கள். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் ஓரமாகத் தொங்குகிறதே ஒரு பழுப்புக் கோட்டு, அது யாருக்கு? 'கொஞ்சம் குளிர் வரட்டும்' என்கிறீர்கள். சரி, வரட்டும். போட்டுக்கொண்டு கையை மட்டும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.